கார் வைத்திருப்பவர் தீ வைக்கமாட்டார்

நீதிபதிகளுக்குச் சாதி கிடையாது என்கிறார்கள். கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டால் ஊர், தெரு, சொந்தபந்தம், நிலபுலன் எல்லாம் கழன்று விழுந்துவிடுமாம். சட்டக் கல்லூரியில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். பத்திரிகைகள் இதைத்தான் எழுதுகின்றன. சந்தேகப்பட்டால் நீதிமன்ற அவமதிப்பு என்று பயமுறுத்துகிறார்கள். நான் சந்தேகப்படுகிறேன். அவர்கள் எழுதிய தீர்ப்புகளைப் படித்துவிட்டுத்தான் சந்தேகப்படுகிறேன்.

நான் வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தா. கேஸ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு இருபது வருசத்துக்கு மேல் கோர்ட் வராந்தாவில் கழித்தவன். நகல் மனு போட்டுத் தீர்ப்பு வாங்கி, அதைச் சேரி ஜனங்களுக்கு வாசித்துக் காட்டி அர்த்தம் சொல்வதும் என் வேலைதான். "என்னாதாம்பா எழுதியிருக்கு அதுல?" என்று கேட்பார்கள். நூறு பக்கத் தீர்ப்பை இரண்டு வரியில் சொல்லியாகவேண்டும். அப்படிச் சொல்லிச் சொல்லி எனக்கு ஒரு விசயம் பிடிபட்டது. நம் ஆட்கள் தோற்ற வழக்குகளில் பெரும்பாலும் அந்த இரண்டு வரி ஒரே மாதிரிதான் இருக்கிறது: "நீங்க சொன்னத அவுரு நம்பல."

ஏன் நம்பவில்லை? அதுதான் இங்கே என் கேள்வி.

போலீசைப் பற்றியும் கீழ்க்கோர்ட்டைப் பற்றியும் நாம் நிறைய எழுதியாயிற்று. நான் பேசுவது உயர்நீதிமன்றங்களையும் உச்சநீதிமன்றத்தையும் பற்றி. அரசியல் சட்டத்தின் காவலர்கள் என்று சொல்லப்படுகிறவர்களைப் பற்றி. இவர்கள் பதவி ஏற்கும்போது எடுக்கும் உறுதிமொழி அரசியல் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது. அச்சம், தயவு, விருப்பு, வெறுப்பு இந்த நான்கும் இல்லாமல் கடமையைச் செய்வேன் என்கிறது அது. நல்ல உறுதிமொழிதான். யாருக்கும் பயப்படாத, ஒரு பைசா லஞ்சம் வாங்காத, யார்மேலும் தனிப்பட்ட பகை இல்லாத நீதிபதிகள் இருக்கிறார்கள். அவர்களிடமும் ஐந்தாவதாக ஒன்று உண்டு. உலகத்தில் எது நடக்கும், எது நடக்காது என்று மனசுக்குள் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிற கணக்கு. அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தது யார்? பிறந்த வீடு, வளர்ந்த தெரு, கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். நம் நாட்டில் இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரே பெயர்தான்: சாதி. உறுதிமொழி இந்த ஐந்தாவதைத் தொடவே இல்லை.

வெண்மணியை எடுத்துக்கொள்வோம். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் எரிந்து செத்தார்கள். பெண்கள், பிள்ளைகள், கிழவர்கள். கூலி நெல் கொஞ்சம் கூடக் கேட்டதும் செங்கொடிச் சங்கத்தை விடமாட்டோம் என்றதும்தான் அவர்கள் செய்த குற்றம். நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்து நடத்திய மிராசுதார்கள் மேல் வழக்கு வந்தது. 23 பேர் கூண்டில் நின்றார்கள். 1970இல் செசன்ஸ் கோர்ட் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட சிலரைக் குற்றவாளிகள் என்றது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களையும் விடுதலை செய்தது.

என்ன காரணம் சொல்லி? குற்றஞ்சாட்டப்பட்ட எல்லாருமே மிராசுதார்களாக இருப்பது ஆச்சரியமாக இருக்கிறதாம். பெரும்பாலோர் ஏராளமான நிலம் உள்ள பணக்காரர்கள், நாயுடு கார் வைத்திருக்கிறார். இப்படிப்பட்டவர்கள் வேலைக்காரர்களை அனுப்பாமல் தாங்களே நடந்து போய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினமாம். பட்டினி கிடக்கிற கூலிக்காரன் துணிந்து எதிலும் இறங்குவான், பணக்காரன் தன்னைப் பத்திரப்படுத்திக்கொள்வான் என்ற பொருளிலும் எழுதினார்கள்.

இதில் சட்டம் எங்கே இருக்கிறது? சாட்சியச் சட்டத்தின் எந்தப் பிரிவில், கார் வைத்திருப்பவன் நடக்கமாட்டான் என்று எழுதியிருக்கிறது? அந்த நீதிபதிகள் கை நீட்டிக் காசு வாங்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. வாங்கியிருந்தால் விசயம் சுலபமாகப் போயிருக்கும். அவர்கள் தங்கள் மனசாட்சிப்படியே எழுதியிருக்கலாம். அந்த மனசாட்சிக்கு மிராசுதாரைத் தெரியும். காரில் வந்து இறங்குகிற, மரியாதையாகப் பேசுகிற, வந்தவர்களுக்குக் காபி கொடுத்து உபசரிக்கிற மிராசுதார். களத்துமேட்டில் நிற்கிற மிராசுதாரை அதற்குத் தெரியாது. அவரை நமக்குத் தெரியும். சவுக்கடியையும் சாணிப்பாலையும் தஞ்சைப் பண்ணையாட்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சாதிக்காகச் செய்கிற கொடுமையைக் கூலிக்கு விடுவதில்லை. தன் கையால் அடித்தால்தான் அதில் பெருமை. தானே முன்னால் நின்றால்தான் ஊர் பயப்படும். சேரியில் எந்தக் கிழவியைக் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பாள். உயர்நீதிமன்றத்துக்கு அந்தக் கிழவி அளவுக்கும் விவரம் போதவில்லை.

அதே நாளில் மிராசுதார் தரப்பு ஆள் ஒருவர் செத்துப்போன வழக்கில் கூலிக்காரர்கள் தண்டனை பெற்றார்கள். அங்கே நம்புவதற்குச் சிரமம் இருக்கவில்லை. 44 பேரைக் கொளுத்தியது யார் என்பதற்கு மட்டும் நீதிமன்ற ஏட்டில் இன்றுவரை பதில் கிடையாது. பெட்டிக்கடையில் ஒரு பீடிக்கட்டு காணாமல் போனால்கூட யார்மேலாவது விழுகிற பழி, வெண்மணியில் யார்மேலும் விழவில்லை.

"அது அந்தக் காலம்" என்பார்கள். நான் கட்டுத் தூக்கிய ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், கோர்ட் பெயரும் வேண்டாம். ராத்திரி சேரிக்குள் புகுந்து அடித்த கேஸ். சாட்சி சொன்னது ஐம்பது வயசுக்காரம்மா. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "கரெண்டு இல்லைங்கிற, அமாவாசை இருட்டுங்கிற, அப்புறம் எப்படிம்மா ஆளை அடையாளம் தெரிஞ்சுது?" அந்த அம்மா சொன்னாள்: "பொறந்ததுலேர்ந்து அவுங்க கொரலுக்குப் பயந்து வளந்தவங்க நாங்க. இருமுனாலே தெரியும் இன்னாருன்னு." கீழ்க்கோர்ட்டில் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில் போயிற்று. போதிய வெளிச்சம் இல்லாததால் அடையாளம் கண்டதாகச் சொல்வதை ஏற்க முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். இருமல் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அந்த அம்மா சொன்னது ஒரு வாழ்நாள் அறிவு. ஆண்டையின் செருப்புச் சத்தம் எந்தத் திசையில் வருகிறது என்று கேட்டுத்தான் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று முடிவு செய்து பிழைத்தவர்கள் நாம். அந்த மாதிரி யாருக்கும் ஒதுங்கி நிற்கவேண்டிய தேவை வாழ்க்கையில் ஏற்படாத ஒருவருக்கு, இருமலை வைத்து ஆளைச் சொல்ல முடியும் என்பது கதையாகத்தான் படும். பொய்யென்று நினைத்துக்கூட அவர் ஒதுக்கவில்லை. அது ஒரு சாட்சியம் என்றே அவர் காதில் விழவில்லை.

பீகாருக்குப் போவோம். 1996 ஜூலை 11, போஜ்பூர் மாவட்டம் பதானி டோலா. ரண்வீர் சேனா என்ற நிலவுடைமைச் சாதிப் படை 21 பேரைக் கொன்றது. தலித்துகள், முஸ்லிம்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 2010இல் ஆரா செசன்ஸ் கோர்ட் 23 பேருக்குத் தண்டனை கொடுத்தது. அதில் 3 பேருக்குத் தூக்கு. 2012 ஏப்ரலில் பாட்னா உயர்நீதிமன்றம் 23 பேரையும் விடுதலை செய்தது. 1997 டிசம்பர் 1, லட்சுமண்பூர் பாதே. 58 பேர் கொலை. 2010இல் 26 பேருக்குத் தண்டனை. 16 பேருக்குத் தூக்கு. 2013 அக்டோபரில் அதே பாட்னா உயர்நீதிமன்றம் 26 பேரையும் விட்டுவிட்டது. சாட்சிகள் நம்பத் தகுந்தவர்கள் இல்லை, விசாரணை சரியில்லை, சந்தேகத்தின் பலன் எதிரிகளுக்கு. ஒளிந்துகொண்டு பார்த்தோம் என்று சொன்னவர்களை, பிழைத்துக் கிடந்ததற்காகவே சந்தேகப்பட்டார்கள். செத்தவன் சாட்சி சொல்ல முடியாது. பிழைத்தவன் சொன்னால், நீ எப்படிப் பிழைத்தாய் என்கிறது கோர்ட். பிறகு யார்தான் சாட்சி சொல்வது?

அதே பீகாரில் இன்னொரு வழக்கு. 1992 பிப்ரவரியில் கயா மாவட்டம் பாராவில் பூமிகார் சாதியினர் முப்பது பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அங்கே செத்ததும் மனுசங்கதான். கொன்றவர்களுக்காக வக்காலத்து வாங்க நான் வரவில்லை. நான் பார்க்கச் சொல்வது வழக்கு நடந்த விதத்தை. தடா சட்டம் பாய்ந்தது. நான்கு பேருக்குத் தூக்கு. 2002இல் உச்சநீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தூக்கை உறுதி செய்தது. மூன்றாவது நீதிபதி எம்.பி. ஷா ஒத்துக்கொள்ளவில்லை, ஒருவரை விடுதலை செய்யவேண்டும், மற்றவர்களுக்குத் தூக்கு கூடாது என்றார். விசாரணையில் ஓட்டை இருக்கிறது என்று காட்டியபோது, அதற்காக வழக்கைத் தள்ளிவிட முடியாது, நடைமுறை உலகத்தைப் பார்க்கவேண்டும் என்பதுதான் மற்ற இருவரின் போக்கு. கடைசியில் 2017இல் குடியரசுத் தலைவர்தான் அந்தத் தூக்கை ஆயுளாக மாற்றினார்.

போலீஸ் விசாரணையில் ஓட்டை பாராவிலும் உண்டு, பதானி டோலாவிலும் உண்டு. ஒரு இடத்தில் ஓட்டையைத் தாண்டி உண்மையைப் பார்க்கவேண்டும் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் ஓட்டை வழியாகக் குற்றவாளி வெளியே போகிறான். வேறு வேறு நீதிமன்றம், வேறு வேறு சாட்சியம் என்று வக்கீல்கள் வாதாடலாம். ஒரு வழக்கென்றால் நானும் ஒத்துக்கொள்வேன். ஆந்திராவில் சுண்டூரிலும் இதுதான் நடந்தது. 1991இல் எட்டு தலித்துகள் கொலை. 2007இல் தனி நீதிமன்றம் 21 பேருக்கு ஆயுள் தண்டனை. 2014இல் ஆந்திர உயர்நீதிமன்றம் எல்லாரையும் விடுதலை. சந்தேகத்தின் பலன் என்பது நல்ல கொள்கை. பொய் வழக்கில் உள்ளே போகிறவர்களில் நம் பிள்ளைகள் நிறையப் பேர். அந்தக் கொள்கை நமக்கும் வேண்டும். ஆனால் அந்த மழை எப்போதும் ஒரே வயலில் பெய்கிறதே, ஏன்? அதைக் கேட்டால் அவமதிப்பா?

சாட்சியை நம்பாதது போய், ஒட்டுமொத்தச் சாதியையே நம்பாத தீர்ப்பும் வந்தது. 2018 மார்ச் 20. மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் உச்சநீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள், ஏ.கே. கோயலும் யு.யு. லலித்தும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று சொல்லி அதன் பல்லைப் பிடுங்கினார்கள். முன்விசாரணை நடத்தலாம். அரசு ஊழியரைக் கைது செய்ய அவரை நியமிக்கும் அதிகாரியின் அனுமதி வேண்டும். மற்றவர்களைக் கைது செய்ய மாவட்டப் போலீஸ் உயரதிகாரியின் அனுமதி வேண்டும். முன்ஜாமீனும் உண்டு. பொய் வழக்கு என்று போலீஸ் மூடிய வழக்குகளின் கணக்கும் அங்கே ஆதாரமானது. வழக்கை மூடுவது யார்? புகாரையே வாங்காமல் விரட்டுகிற அதே போலீஸ். விடுதலை செய்வது யார்? "நம்பமுடியவில்லை" என்று எழுதுகிற அதே நீதிமன்றங்கள். தாங்களே நம்பாமல் விட்டுவிட்டு, விடுதலைகள் அதிகமாக இருக்கின்றன, ஆகவே புகார் பொய் என்பது எந்த ஊர் நியாயம்?

2018 ஏப்ரல் 2 அன்று வட மாநிலங்களில் நம் மக்கள் தெருவில் இறங்கினார்கள். பலர் செத்தார்கள். ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ என்ற பிரிவைச் சேர்த்துச் சட்டத்தைப் பழையபடி நிறுத்தியது. 2019 அக்டோபர் 1 அன்று மூன்று நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் அந்த உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. பொய்ப் புகார் கொடுப்பது மனுச பலவீனம், அதற்கும் சாதிக்கும் சம்பந்தமில்லை, ஒரு மக்கள் கூட்டத்தையே பொய்யர்கள் என்று வைத்துக்கொள்வது அவர்களின் கண்ணியத்துக்கு விரோதம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. நல்ல வார்த்தைகள். அதைச் சொல்லவைக்க உயிர்கள் போகவேண்டியிருந்தது. சட்டத்துக்குப் பல்லைப் பிடுங்கிய பெஞ்சுக்குத் தலைமை வகித்த கோயல், 2018 ஜூலையில் ஓய்வு பெற்ற அன்றே பசுமைத் தீர்ப்பாயத்தின் தலைவராக நியமிக்கப்பட்டார்.

நீதிபதிகளுக்கு ஒழுக்க விதிகள் இல்லையா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். இருக்கின்றன. 1997 மே 7 அன்று உச்சநீதிமன்ற நீதிபதிகள் கூடி 16 அம்சங்கள் கொண்ட ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள். உறவினர், நண்பர் சம்பந்தப்பட்ட வழக்கைக் கேட்கக்கூடாது. அரசியல் விவகாரங்களில் பகிரங்கமாகக் கருத்துச் சொல்லக்கூடாது. தன் பதவிக்குரிய கண்ணியத்தோடு ஓரளவு விலகி வாழவேண்டும். மீறினால்? புகாரை அவர்களே விசாரிப்பார்கள். 1999இல் உள்விசாரணை முறை என்று வைத்துக்கொண்டார்கள். சக நீதிபதிகள் விசாரித்து, சக நீதிபதிகளிடமே அறிக்கை கொடுப்பார்கள். புகார் கொடுத்தவனுக்கு அந்த அறிக்கையைக் கேட்டுப் பெறும் உரிமை இல்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் ஆண்டைமேல் புகார் கொடுத்தால் ஆண்டையின் பங்காளிகள் உட்கார்ந்து பேசி முடிப்பார்களே, அதே மாதிரி.

வழக்கிலிருந்து விலகுவதற்கும் விதி எழுதிவைத்திருக்கவில்லை. விலகுவதும் விலகாததும் அவர் விருப்பம். காரணமும் சொல்ல வேண்டியதில்லை. 2019 ஏப்ரலில் தலைமை நீதிபதி ரஞ்சன் கோகாய்மேல் ஒரு பெண் ஊழியர் பாலியல் புகார் கொடுத்தார். அந்த விவகாரத்தை எடுத்த சிறப்பு பெஞ்சில் கோகாயே உட்கார்ந்தார். தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்கக்கூடாது என்பது முதல் வருசச் சட்ட மாணவனுக்குத் தெரிந்த பாடம். அவர் 2019 நவம்பரில் ஓய்வு பெற்றார். 2020 மார்ச்சில் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார்.

நாடாளுமன்றம் நீக்கலாமே என்பார்கள். அதற்கான விசாரணைச் சட்டம் வந்ததும் வெண்மணி எரிந்த அதே 1968இல்தான். 1993இல் நீதிபதி வி. ராமசாமிமேல் தீர்மானம் வந்தபோது 196 பேர் ஆதரித்தார்கள், காங்கிரசாரும் அதன் தோழமைக் கட்சியினருமாக 205 பேர் ஓட்டுப் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். தீர்மானம் தோற்றது. 1950 தொடங்கி 2025 வரை ஒரு நீதிபதிகூட இந்த வழியில் பதவி இழக்கவில்லை. 2024 டிசம்பர் 8 அன்று அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி சேகர் குமார் யாதவ், விசுவ இந்து பரிஷத் கூட்டத்தில், அதுவும் உயர்நீதிமன்ற வளாகத்திலேயே நடந்த கூட்டத்தில், பெரும்பான்மையினர் விருப்பப்படிதான் இந்த நாடு நடக்கும் என்று பேசினார். மாநிலங்களவையில் 55 உறுப்பினர்கள் நீக்கத் தீர்மானத்துக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள். ஒரு வருசம் கழிந்தபோதும் அவர் நீதிபதியாகத்தான் இருந்தார். அவர் முன்னால் ஒரு முஸ்லிமோ தலித்தோ வழக்கோடு போய் நின்றால், என்ன தைரியத்தில் நிற்பது?

மெதுவாக நகரும் இந்த வண்டி ஒரே ஒரு முறை வேகமாக ஓடியது. 2017 மே 9 அன்று ஏழு நீதிபதிகள் உட்கார்ந்து, பதவியில் இருந்த நீதிபதி கர்ணனுக்கு ஆறு மாதச் சிறைத் தண்டனை கொடுத்தார்கள். பதவியில் இருக்கும்போதே தண்டிக்கப்பட்ட முதல் உயர்நீதிமன்ற நீதிபதி அவர், தலித். அவர் பேச்சைப் பத்திரிகைகள் வெளியிடக்கூடாது என்றும் தடை போட்டார்கள். அவர் செய்ததெல்லாம் சரி என்று நான் வாதாடமாட்டேன். பின்னாளில் பெண்களைப் பற்றி அவர் பேசிய பேச்சு அசிங்கம். 2020இல் அதற்காகக் கைதும் ஆனார். ஆனால் சக நீதிபதிகள் சாதி பார்த்து அவமதிக்கிறார்கள் என்று 2011இலேயே அவர் தாழ்த்தப்பட்டோர் ஆணையத்தில் கொடுத்த புகார் என்ன ஆயிற்று? அதை விசாரித்து, பொய் என்றாவது ஒரு வரி எழுதியிருக்கலாம் இல்லையா? நீதிபதியாகவே இருந்தாலும் நம் ஆள் சொன்னால் நம்பமாட்டார்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அதனால் நம்மவர்களைக் கொண்டுபோய் உட்காரவைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? முதலில் கணக்கைப் பாருங்கள். 2018 முதல் 2025 மார்ச் வரை உயர்நீதிமன்றங்களுக்கு நியமிக்கப்பட்ட 715 நீதிபதிகளில் தாழ்த்தப்பட்டோர் 22 பேர் என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. பழங்குடியினர் 16. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் தாழ்த்தப்பட்டோர் நூற்றுக்குப் பதினாறு பேருக்கு மேல். உச்சநீதிமன்றத்துக்கு முதல் தலித் நீதிபதியாக ஏ. வரதராஜன் போனது 1980இல். தலித் தலைமை நீதிபதி 2007இல் கே.ஜி. பாலகிருஷ்ணன், அடுத்து 2025இல் பி.ஆர். கவாய். அந்தக் கவாய்மேல் 2025 அக்டோபர் 6 அன்று கோர்ட்டுக்குள்ளேயே ஒரு வக்கீல் செருப்பை எறியப் பார்த்தார்.

நீதிபதிகளை நீதிபதிகளே தேர்ந்தெடுக்கும் கொலீஜியம் முறை 1993 தீர்ப்பில் பிறந்தது. இதன் ஆபத்தை பாபாசாகேப் 1949 மே 24 அன்றே அரசியல் நிர்ணய சபையில் சொல்லிவிட்டார். தலைமை நீதிபதியின் ஒப்புதல் இல்லாமல் நியமனம் கூடாது என்று சிலர் கேட்டபோது, தலைமை நீதிபதி எவ்வளவு பெரியவராக இருந்தாலும் நம்மைப் போலவே குறைகளும் உணர்ச்சிகளும் முன்முடிவுகளும் உள்ள மனிதர்தானே என்று கேட்டார். அதே நேரத்தில், அரசாங்கம் கையில் கடிவாளத்தைக் கொடுப்பதும் ஆபத்து என்றார். நீதிபதிக்கும் முன்முடிவு உண்டு என்று 1949இலேயே சபையில் வைத்துச் சொன்னவர் அரசியல் சட்டத்தை வரைந்தவர். நான் சொன்னால் மட்டும் அவமதிப்பாகிவிடுமா?

எண்ணிக்கை அவசியம். அது மட்டும் போதாது. நீதிபதி பி.டி. தினகரன்மேல் 2009இல், திருவள்ளூர் மாவட்டம் காவேரிராஜபுரத்தில் புறம்போக்கையும் ஏழைகளுக்குரிய நிலத்தையும் வளைத்தார் என்று குற்றச்சாட்டு வந்தது. அவர் மறுத்தார். தலித் என்பதால் குறிவைக்கிறார்கள் என்று நம்மில் ஒரு பகுதியினர் பேசினார்கள். குறிவைத்திருக்கலாம். ஆனால் நிலம் போச்சு என்று அழுத ஜனங்களும் நம் ஜனங்கள்தான். 2011இல் அவர் ராஜினாமா செய்ததும் விசாரணை நின்றுவிட்டது. உண்மை எந்தப் பக்கம் என்பது யாருக்கும் தெரியாமலே போயிற்று. நம்மவர் என்பதற்காக விசாரணை வேண்டாம் என்று சொன்னால், அவன் தன் பங்காளியைக் காப்பாற்றுவதற்கும் நாம் செய்வதற்கும் வித்தியாசம் இல்லை.

நடுநிலை எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணமும் நம் ஊரிலேயே உண்டு. 2015இல் கொலையான கோகுல்ராஜ் வழக்கு மேல்முறையீட்டுக்கு வந்தபோது, சென்னை உயர்நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் 2023 ஜனவரியில் திருச்செங்கோடு கோயிலுக்கே நேரில் போனார்கள். கேமரா எங்கே இருந்தது, அதில் என்ன தெரியும் என்று கண்ணால் பார்த்தார்கள். 2023 ஜூனில் யுவராஜ் உள்ளிட்டோரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தார்கள். "இந்தச் சாதிக்காரர் இப்படிச் செய்வாரா?" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு யோசிக்கவில்லை. எழுந்து போய்ப் பார்த்தார்கள். 1973இல் வெண்மணி வரைக்கும் அப்படி யாராவது போய் அந்தத் தெருவில் நின்று பார்த்திருந்தால், கார் வைத்திருப்பவர் நடந்து வரக்கூடிய தூரம் எவ்வளவு என்று தெரிந்திருக்கும்.

ஜெய்ப்பூரில் ராஜஸ்தான் உயர்நீதிமன்ற வளாகத்தில் மனுவுக்குச் சிலை இருக்கிறது. 1989இல் வைத்தார்கள். எதிர்ப்பு வந்ததும் நீதிபதிகள் எல்லாரும் கூடி அகற்ற முடிவு செய்தார்கள். அதை எதிர்த்து வழக்கு, தடை. சிலை நின்றுவிட்டது. 2018இல் இரண்டு பெண்கள் அதன்மேல் கறுப்புச் சாயத்தைப் பூசினார்கள், உடனே கைது. அந்தக் காலத்து மனுவுக்குக் கிடைக்கிற தடை உத்தரவு, குடிசை இடிக்கப்படும்போது நமக்குக் கிடைக்கிறதா?

ஆகவே நாம் கேட்கவேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். "நம்பமுடியவில்லை" என்று எழுதும் நீதிபதி, சாட்சியத்தில் எந்த வரியால் நம்பமுடியவில்லை என்று காட்டவேண்டும்; சொந்த யூகத்தை எழுதக்கூடாது. வழக்கிலிருந்து விலகினாலும் விலக மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். நீதிபதிகள்மேல் வரும் புகாரை விசாரிக்க, பதவியிலிருக்கும் நீதிபதிகள் மட்டுமே இல்லாத நிரந்தர அமைப்பு வேண்டும், அறிக்கை வெளியாகவேண்டும். ஓய்வுக்குப் பிறகு சில வருசங்களுக்கு அரசுப் பதவி, நியமனப் பதவி எதுவும் கூடாது. கொலீஜியம் யாரை எடுத்தது, யாரை விட்டது என்பதைச் சாதி, பால் விவரத்தோடு ஆண்டுதோறும் சொல்லவேண்டும். நீதிபதிகளுக்கான பயிற்சியில் 1973ஆம் வருசத்து வெண்மணித் தீர்ப்பைப் பாடமாக வைக்கவேண்டும். ஒரு நேர்மையான மனுசன்கூட எப்படி எழுதக்கூடாது என்பதற்குப் பாடமாக.

இதெல்லாம் கேட்டவுடன் கிடைக்காது. அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். சட்டம் படிக்கிற நம் பிள்ளைகள் ஒரு காரியம் செய்யலாம். வன்கொடுமை வழக்குகளில் வந்த விடுதலைத் தீர்ப்புகளை எடுங்கள். நீதிபதி தன் யூகத்தைச் சட்டமாக எழுதிய வாக்கியங்களை மட்டும் பிரித்தெடுங்கள். வருசம், நீதிமன்றம், வழக்கு எண் போட்டு வரிசையாக அச்சடியுங்கள். விமர்சனம்கூட வேண்டாம், அவர்கள் எழுதியதே போதும். சேரி சேரியாகக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். அவமதிப்பு யாருக்கு யாரால் நடந்தது என்று ஜனங்களே சொல்வார்கள்.